சுவர் இருந்தால்தான் சித்திரம்



“சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்” என்பது நம் பாட்டிமார் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. நாம் சாப்பிடாமல் பள்ளிக்கு ஓடும்போதும், காய்ச்சலோடு தேர்வுக்குப் படிக்கும்போதும் இதைச் சொல்லி நம்மைக் கடிந்துகொள்வார்கள். உடல் நலமே முதல் என்பது அதன் உட்பொருள். ஆனால் இக்கட்டுரையில் நாங்கள் அப்பழமொழியை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்கிறோம். சித்திரம் எழுதும் கைகள் நம் தருமபுரி மாவட்டத்தில் இருக்கின்றன. அவற்றை மாட்டி வைக்கத்தான் சுவர் இல்லை. ஊரில் உள்ள ஒரு கல்லூரியில் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் ஓர் ஓவியக் காட்சிக்கூடம் வேண்டும் என்பதே எங்கள் கருத்து. அது ஏன் வேண்டும் என்பதைக் கூற அனுமதி தாருங்கள்.

முதலில் எங்கள் வகுப்பில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி.

இவ்வாண்டு அறிவியல் கண்காட்சியில் எங்கள் குழு மனித இதயத்தைப் பற்றி விளக்கியது. நான்கு அடி உயர அட்டையில் இதயத்தின் படம். செந்நிறத் தமனியும் நீலச் சிரையும் உயிரோடு துடிப்பன போல் இருந்தன. வந்த பெற்றோர் அனைவரும் அப்படத்தின் முன் ஒரு நிமிடம் நின்றே சென்றனர். விளக்கிப் பேசிய மாணவிக்கு முதற்பரிசு கிடைத்தது. நாங்களும் கை தட்டினோம். படத்தை வரைந்தவளோ பின்வரிசையில் அமர்ந்து தானும் கை தட்டிக்கொண்டிருந்தாள். அவள் பென்னாகரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் தோழி. எங்களில் பாதிப் பேருடைய செய்முறைக் குறிப்பேட்டில் செம்பருத்திப் பூவின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வரைந்து கொடுத்தவளும் அவளே. அட்டையின் அடியில் எங்கள் குழுவின் எண் இருந்தது. அவள் பெயர் இல்லை.

இதில் யாரையும் குறை சொல்லுவதற்கில்லை. அது அறிவியல் கண்காட்சி, அறிவியலுக்குத்தான் பரிசு. ஆனால் மறுநாள் நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம்: ஓவியத்திற்கென்று ஒரு கண்காட்சியை நாம் எப்போதேனும் பார்த்திருக்கிறோமா? நாற்பத்திரண்டு பேர் உள்ள வகுப்பில் ஒருவர்கூட ‘ஆம்’ என்று கூறவில்லை.

ஓவியக் காட்சிக்கூடம் என்பது என்ன? வெள்ளையடித்த சுவர், நல்ல வெளிச்சம், கண்மட்டத்தில் ஒரு படம், அதன் பக்கத்தில் ஒரு சிறு அட்டை, அவ்வளவுதான். அச்சிறு அட்டையில் படத்தின் தலைப்பும், ஆண்டும், எதனால் வரையப்பட்டது என்பதும், எல்லாவற்றிற்கும் மேலாக வரைந்தவர் பெயரும் இருக்கும். படம் வேறொன்றை விளக்குவதற்காக அங்கே தொங்குவதில்லை. பார்க்கப்படுவதற்காகவே தொங்குகிறது. இந்த மரியாதையை எங்கள் தோழியின் கைத்திறன் இதுவரை பெற்றதில்லை.

இம்மரியாதையை மாணவருக்குத் தருவதற்கென்றே இயங்கும் கல்லூரிகள் நம் நாட்டில் உண்டு. அவற்றைப் பற்றி எங்களுக்கு இவ்வாண்டுதான் தெரிய வந்தது. பதினைந்து வயது வரை தெரியாமல் இருந்ததை எண்ணினால் வெட்கமாகவும் இருக்கிறது, வருத்தமாகவும் இருக்கிறது.

சென்னை எழும்பூர்ப் பகுதியில், இன்று பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலை எனப்படும் பூந்தமல்லி நெடுஞ்சாலையில், அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. 1850ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர் இதனை ஒரு சிறு கலைப் பள்ளியாகத் தொடங்கினார். 1852இல் அரசு அதனை ஏற்றது. மருத்துவர் ஒருவர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார் என்பதை, ‘மருத்துவத்திற்கே படி, ஓவியம் எதற்கு?’ என்று கேட்கும் பெற்றோர் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். அக்கல்லூரியின் முதல் இந்தியத் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சுற்றுலா சென்ற நாம் அனைவரும் மெரினாக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையின் முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டோம். 1959இல் நிறுவப்பெற்ற அச்சிலையைப் படைத்தவர் அவரே. சிலையைத் தெரிந்த நமக்குச் சிற்பியைத் தெரியவில்லை; அவர் தலைமை வகித்த கல்லூரியையும் தெரியவில்லை.

அவருக்குப் பின் 1957இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அவருடைய காலத்து மாணவரும் ஆசிரியருமாகிய கலைஞர் பலர் ஒன்றுகூடி, கைவினைப் பொருள்கள் செய்து விற்று, அப்பணத்தில் நிலம் வாங்கி, 1966இல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தையே அமைத்தனர். காட்சிக்குச் சுவர் தேடிய கலைஞர் தம் கையாலேயே சுவர் எழுப்பிக்கொண்ட வரலாறு இது.

இக்கல்லூரியில் படித்தவர் எல்லாரும் நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். திருச்சி அருகே கீரனூரில் பிறந்த கே.எம். ஆதிமூலம் இங்கே பயின்றவர். 1969இல் காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி, அண்ணலின் வாழ்வைக் கறுப்பு வெள்ளைக் கோடுகளில் நூற்றுக்கு அண்மையான ஓவியங்களாகத் தீட்டினார். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’யை வார இதழில் தொடராகப் படித்த பெற்றோர் அவருடைய கோடுகளை மறந்திருக்க மாட்டார்கள். பொன்னானிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து இங்கே பயின்றவர் டி.கே. பத்மினி. பெண்கள் தூரிகை ஏந்துவது அரிதாயிருந்த நாளில் பெண்ணின் மனத்தைப் பெண்ணின் கண்கொண்டு வரைந்தார். 1969இல் பிள்ளைப்பேற்றின்போது, முப்பது வயதை எட்டுமுன்பே மறைந்தார். வாழ்ந்த நாள் சில. வரைந்த படங்களோ இன்றும் பேசப்படுகின்றன. பத்மினியின் ஊரில் அவருடைய திறமையைக் கண்டு, ‘இப்பெண் சென்னைக்குச் சென்று படிக்கட்டும்’ என்று சொல்ல யாரோ இருந்தார்கள். நம் ஊரில் அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

நாங்கள் பத்தாம் வகுப்பு. இவ்வாண்டின் இறுதியில் எந்தப் பாடப்பிரிவு என்று முடிவு செய்ய வேண்டும். கணிதமா, உயிரியலா, வணிகவியலா என்று உறவினர் அனைவரும் கேட்கிறார்கள். மேல்நிலைத் தேர்வு முடித்தபின், வரைந்து காட்டித் தேர்வு பெற்று, அரசுக் கல்லூரியில் வண்ணக்கலை, சிற்பக்கலை, அச்சுக்கலை, சுடுமண் வடிவமைப்பு, துணி வடிவமைப்பு, காட்சித் தொடர்பு வடிவமைப்பு என்னும் துறைகளில் பட்டம் பெறலாம் என்று எந்த உறவினரும் சொல்வதில்லை. கும்பகோணத்திலும் அத்தகைய அரசுக் கல்லூரி உண்டு. அவர்கள் மறைக்கவில்லை, அவர்களும் கண்டதில்லை. கண்ணால் காணாத ஒன்றைப் பிள்ளைக்கு எப்படிப் பரிந்துரைப்பார்கள்? ஒரு காட்சிக்கூடம் நம் ஊரில் இருந்தால், பிள்ளைகளைவிடப் பெற்றோர்க்கே அது பெரிய பாடமாக அமையும்.

‘ஒரு நாள் கண்காட்சி போதாதா? ஏன் ஓராண்டு?’ என்று சிலர் வினவலாம். நல்ல வினா. ஒரு நாள் கண்காட்சி திருவிழாவைப் போன்றது. அன்று கூட்டத்தைப் பார்ப்போம். படத்தைப் பார்க்க மாட்டோம். புதுப் பாவாடையும் ஐஸ்கிரீமும் நினைவில் நிற்கும். கோடும் வண்ணமும் நில்லா. ஆனால் அதே கூடத்தில் இரு திங்களுக்கு ஒரு முறை படங்கள் மாறினால், போன முறை கண்டதை இம்முறை காண்பதோடு ஒப்பிடத் தொடங்குவோம். ‘அது எனக்குப் பிடித்தது, இது பிடிக்கவில்லை, ஏன்?’ என்று நம்மையே கேட்போம். அந்த ‘ஏன்’ பிறக்கும் இடத்தில்தான் கல்வி பிறக்கிறது. திருப்பலியையும் பாடத்தையும் மருந்தையும் ஒரே நாளில் முடித்துவிட முடியுமா? பார்வையும் பழகப் பழகத்தான் கூர்மையாகும்.

பெரிய கலைக்கூடங்களும் இதை உணர்ந்தே நடக்கின்றன. தாகூரின் சாந்திநிகேதனத்தில் உள்ள கலாபவனத்தில், ஓவியர் நந்தலால் போஸின் பிறந்தநாளை ஒட்டி ஆண்டுதோறும் டிசம்பர் முதல் இரு நாட்களில் ‘நந்தன் மேளா’ நடைபெறுகிறது. மாணவரும் ஆசிரியரும் தாம் செய்தவற்றைக் காட்சிக்கு வைத்து விற்கின்றனர். வரும் பணம் துன்பத்தில் உள்ள மாணவர்க்கு உதவியாகிறது. பரோடாவில் உள்ள நுண்கலைப் புலத்தில் மாணவரின் ஆண்டுத் தேர்வே ஒரு கண்காட்சிதான். விடைத்தாளை மூடி உறையிலிட்டு அனுப்பும் நமக்கு, விடையைச் சுவரில் மாட்டி எல்லாரையும் பார்க்கச் சொல்லும் தேர்வு எவ்வளவு வியப்பளிக்கிறது! அங்கே ஒளிப்பதற்கு இடமில்லை. மனப்பாடம் செய்வதற்கும் வழியில்லை.

சரி, நம் ஊரில் கூடம் கிடைத்தால் அதில் வைக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கேட்டவர் வியக்கும் அளவுக்கு இருக்கிறது!

நம் தகடூர் அதியமானை அறியாத தமிழர் இல்லை. அவன் மறைந்தபின் அவனுக்கு எடுத்த நடுகல்லைப் பற்றி ஔவையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. அந்த மரபு தொடர்ந்த மண் இது. ஊர் ஆநிரையைக் காத்து மாண்ட வீரனுக்கும், புலியோடு பொருது மாண்டவனுக்கும் கல் நட்டு உருவம் செதுக்கி வணங்கினர் நம் முன்னோர். தருமபுரி அரசு அகழ்வைப்பகத்தில் அத்தகைய நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. பல்லவர் காலத்து வட்டெழுத்துப் பொறித்த கற்களும் நம் மாவட்டத்தில் கிடைத்துள்ளன. சென்ற ஆண்டு எங்களை அங்கே அழைத்துச் சென்றார்கள். ஒரு கையில் வில், மறு கையில் வாள், உடலில் அம்பு. கால் மட்டும் முன்னோக்கியே நிற்கும் அவ்வீரர்களைக் கண்டு நாங்கள் பேச்சற்று நின்றோம். ஆனால் அன்று எங்களிடம் வரைதாளும் இல்லை, நேரமும் இல்லை. இருபது நிமிடத்தில் வரிசையாக உள்ளே சென்று வரிசையாக வெளியே வந்துவிட்டோம். ஒன்று மட்டும் எங்கள் மனத்தில் தைத்தது. கல்லில் வீரனின் பெயர் இருக்கிறது. அவன் ஊர் இருக்கிறது. அரசனின் ஆட்சியாண்டும் இருக்கிறது. நாங்கள் பார்த்த கல் எதிலும் செதுக்கிய தச்சனின் பெயர் இல்லை. எங்கள் தோழியின் இதயப் படம் இப்போது நினைவுக்கு வருகிறது. எத்தனை நூற்றாண்டுப் பழக்கம்!

சேலம் சாலையில் சில கல் தொலைவில் அதியமான்கோட்டை. அங்குள்ள சென்றாயப் பெருமாள் கோயிலின் மண்டபத்து மேற்கூரையில் இராமாயண, பாரதக் காட்சிகள் வண்ண ஓவியங்களாக இருக்கின்றன. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். வண்ணம் மங்கி வருகிறது. தருமபுரிக் கோட்டைக் கோயிலுக்குப் போனால், தரையைத் தொடாமல் நிற்கும் தூண் இதுதான் என்று பெரியவர்கள் தாளை அடியில் விட்டு எடுத்துக் காட்டுகிறார்கள். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் வரை நம்மோடு இருந்த மல்லப்பாடியில், பாறையில் வெண்ணிறத்தால் தீட்டிய பழங்காலக் குதிரை வீரர் ஓவியம் இருக்கிறது. கிழக்கே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கிலோ, மறந்துபோகவிருந்த தம் பூத்தையலை லம்பாடிப் பெண்கள் பாட்டிமாரிடம் மீண்டும் கற்று, அதையே தம் வாழ்வுக்கு வழியாக்கிக்கொண்டுள்ளனர். அவர்கள் அதற்குச் சூட்டிய பெயர் ‘பொர்கை’. அவர்கள் மொழியில் பெருமிதம் என்று பொருளாம்.

இவ்வளவும் வைத்துக்கொண்டு, ‘தருமபுரியில் கலை ஏது?’ என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே கடைசியாக நின்ற மாவட்டம் நம்முடையது. அதனால் வெளியூரார் நம்மைப் பின்தங்கியவர் என்பர். கேட்டுக் கேட்டு நாமும் அதை நம்பிவிட்டோம். எழுத்தில் நாம் பின்தங்கியிருக்கலாம். கண்ணில் பின்தங்கியவர் என்று யார் சொன்னது?

ஆகவே எங்கள் விண்ணப்பம் இது. நம் ஊரில் உள்ள கல்லூரிகளில் ஒன்று, ஒரே ஒரு கூடத்தை ஓராண்டிற்குத் தரட்டும். சூனில் பள்ளி திறந்ததும் நடுகற்களின் கோட்டோவியங்கள். கற்கள் அகழ்வைப்பகத்திலேயே இருக்கட்டும், அவற்றின் முன் அமர்ந்து மாணவர் வரைந்த படங்கள் வரட்டும். அடுத்து அதியமான்கோட்டை ஓவியங்களின் படிகள். வண்ணம் முழுவதும் மங்குமுன் நம் கை அதைக் கற்றுக்கொள்ளட்டும். மூன்றாவதாகச் சென்னை, கும்பகோணம் கல்லூரி மாணவர்களின் படைப்புகள். அவர்களில் ஒருவர் வந்து நம்மோடு பேசட்டும். நான்காவதாகச் சிட்லிங்கித் தையல், சுடுமண் பொம்மை, கோலம் என்று நம் தாய்மாரின் கைவேலை. இறுதியாக, மாவட்டத்துப் பள்ளி மாணவியர் வரைந்தவை. ஒவ்வொன்றின் கீழும் சிறு அட்டை. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பெயர். சனிக்கிழமைகளில் பெற்றோர்க்கும் அனுமதி. கட்டணம் வேண்டாம்.

‘கலை சோறு போடுமா?’ என்ற கேள்வி எங்கள் வீடுகளிலும் கேட்கிறது. அதனை நாங்கள் ஏளனம் செய்யவில்லை. கிணறு வற்றிப் பெங்களூரிலும் திருப்பூரிலும் கட்டட வேலைக்கும் பனியன் வேலைக்கும் சென்று மகளைப் படிக்க வைக்கும் தந்தைக்கு அக்கேள்வி கேட்க உரிமை உண்டு. அவருக்கு எங்கள் பணிவான விடை: நம் உடலில் உள்ள துணியின் பூவை யாரோ வரைந்தார்கள். பிஸ்கட் உறையையும், பாடநூலின் அட்டையையும், நாம் அமர்ந்திருக்கும் நாற்காலியையும் யாரோ வரைந்த பிறகே இயந்திரம் செய்தது. அந்த ‘யாரோ’ ஒருவர் தருமபுரிப் பெண்ணாக இருக்கக் கூடாதா? வரைகிற எல்லாரும் ஓவியர் ஆக மாட்டார்கள். பாடுகிற எல்லாரும் பாடகர் ஆகிறார்களா? ஆனாலும் பாட்டு வகுப்பை யாரும் வீண் என்பதில்லை.

‘கைப்பேசியைத் தொட்டால் உலகத்து ஓவியங்களெல்லாம் வருமே’ என்பார் வேறு சிலர். வரும், விரல் தள்ளியதும் போகும். ஆள் உயரப் படமும் அங்கே உள்ளங்கை அளவுதான். தூரிகை தடுமாறிய இடமும், திருத்திய கோடும், வண்ணம் தடித்த மேடும் அங்கே தெரிவதில்லை. தடுமாறியதைக் கண்டால்தான், ‘இவரும் நம்மைப் போலத் திருத்தித் திருத்தியே வரைந்தார்’ என்ற துணிவு நமக்கு வரும்.

அருட்சகோதரியர்க்கும் ஒரு சொல். ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்புக் குடிலை எங்களிடமே ஒப்படைக்கிறீர்கள். வைக்கோலும் களிமண்ணும் கொண்டு நாங்கள் அமைத்த குடிலில், சென்ற ஆண்டு மாட்டுத் தொழுவம் நம் பாலக்கோட்டு வீட்டுத் தொழுவம் போலவே இருந்தது. மரியன்னை நம் ஊர்த் தாய்போல் சேலை உடுத்தியிருந்தார். அதைக் கண்டு நீங்கள் மகிழ்ந்தீர்கள். கோவாவில் பிறந்து சாந்திநிகேதனத்தில் பயின்ற ஏஞ்சலோ ட ஃபொன்சேகா அன்னையைச் சேலையில் தீட்டியபோது சொந்த ஊரில் எதிர்ப்பையே சந்தித்தார் என்று பின்னர் அறிந்தோம். அவருக்குக் கிடைக்காத ஆதரவு எங்களுக்கு உங்களிடம் கிடைத்தது. ஆகவேதான் துணிந்து கேட்கிறோம். ஒன்பதாம் வகுப்பு வரை வாரம் ஒரு பாடவேளையாக இருந்த ஓவிய வகுப்பு, பத்தாம் வகுப்பில் கணிதத்திற்குப் போய்விடுகிறது. எங்கள் நன்மைக்காகவே அவ்வாறு செய்கிறீர்கள் என்பதை அறிவோம். இருப்பினும் பதினைந்து நாட்களுக்கு ஒரு பாடவேளையேனும் திருப்பித் தரலாகாதா?

கல்லூரி கூடம் தரும் வரை நாங்கள் சும்மா இருக்கப் போவதில்லை. நூலகத்திற்கும் சிற்றாலயத்திற்கும் இடையே உள்ள தாழ்வாரச் சுவர் நீளமானது. காலை வெயிலும் மழையும் படாதது. அதற்கு வெள்ளையடிக்க நாங்களே தயார். கயிறும் கவ்வியும் போதும். ஆணி அடிக்க வேண்டாம். இரு மாதத்திற்கு ஒரு முறை படம் மாற்றும் பொறுப்பை ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் ஏற்றுக்கொள்ளட்டும். அடுத்த ஆண்டு நாங்கள் இங்கு இருப்போமோ, வேறு பள்ளிக்குச் செல்வோமோ தெரியாது. சுவர் இங்கேயே இருக்கும்.

முதல் படம் எது என்பதையும் முடிவு செய்துவிட்டோம். அந்த நான்கு அடி இதயத்தை வைப்பறையிலிருந்து எடுத்துத் தூசி தட்டி வைத்திருக்கிறோம். குழு எண்ணை ஒட்டிய தாளை நீக்கிவிட்டோம். அவ்விடத்தில் ஒரு சிறு அட்டை வரும். அதில் என்ன எழுதுவது என்று எங்கள் தோழியையே கேட்டோம். நெடுநேரம் வெட்கப்பட்டு நின்றவள், தன் பெயரை எழுதி, அதன் கீழே தன் ஊரின் பெயரையும் எழுதித் தந்தாள்.

சுவர் தாருங்கள். சித்திரத்தை நாங்கள் தருகிறோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவுத் தோழியர் சார்பில்